பாட் சொல்லும் விலை: போக்கரில் எவ்வளவு பந்தயம் கட்டுவது என்பதன் கணக்கு

போக்கர் திறமை விளையாட்டா, அதிர்ஷ்ட விளையாட்டா என்ற கேள்வி சில ஆண்டுகளாகவே செய்திகளில் அடிபட்டுக்கொண்டிருக்கிறது. தமிழக அரசின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை ரம்மிக்கும் போக்கருக்கும் பயன்படுத்த முடியாது, அவை திறமை விளையாட்டுகள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ அந்தப் பிரிவினைக்குள்ளேயே போகவில்லை. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும் தடை என்றுவிட்டது. இதையெல்லாம் படிக்கும் பலருக்கு இயல்பாக ஒரு சந்தேகம் வரும். என்ன சீட்டு வரும் என்பது யார் கையிலும் இல்லை. அப்படியிருக்க, திறமை என்று எதைச் சொல்கிறார்கள்?

அதில் பெரும்பகுதி ஒரே இடத்தில் இருக்கிறது: பந்தயத் தொகையை, மேசை நடுவில் ஏற்கெனவே குவிந்திருக்கும் தொகையோடு வைத்துப் பார்ப்பதில். நடுவில் குவிந்திருப்பதைத்தான் பாட் என்கிறார்கள். 500 சிப் (பணத்துக்குப் பதிலாக மேசையில் வைக்கும் வில்லைகள்) பெரிய பந்தயமா, சின்னப் பந்தயமா என்று தனியாகக் கேட்டால் அதற்குப் பதிலே கிடையாது. பாட்டில் 200 இருந்தால் அது பெரிய மிரட்டல். பாட்டில் 5,000 இருந்தால் யாரும் அதைப் பொருட்படுத்தப் போவதில்லை. புதிதாக ஆடுபவர் தொகையைப் பார்க்கிறார். தேர்ந்தவர் விகிதத்தைப் பார்க்கிறார். இருவருக்கும் இடையிலுள்ள இந்த வித்தியாசத்தை எண்களோடு விளக்குவதுதான் இந்தக் கட்டுரை. உதாரணங்கள் எல்லாம் சிப் கணக்கில்தான்.

## பாட் எப்படி உருவாகிறது

அதிகம் ஆடப்படும் டெக்ஸஸ் ஹோல்டெம் வகையையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் 2 மூடிய சீட்டுகள். பிறகு மேசையில் எல்லாருக்கும் பொதுவாக முதலில் 3 சீட்டுகள் திறக்கப்படும், இது ஃப்ளாப். அடுத்து ஒன்று, அது டர்ன். கடைசியாக ஒன்று, அது ரிவர். ஃப்ளாப்புக்கு முன் ஒன்று, அதற்குப் பின் மூன்று என மொத்தம் நான்கு பந்தயச் சுற்றுகள். உங்கள் முறை வரும்போது எதுவும் கட்டாமல் விடலாம் (செக்), புதிதாகக் கட்டலாம் (பெட்), எதிராளி கட்டியதற்குச் சமமாகப் போடலாம் (கால்), அதற்கு மேலே ஏற்றலாம் (ரெய்ஸ்), சீட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம் (ஃபோல்ட்).

சீட்டுப் போடுவதற்கு முன்பே இரண்டு பேர் கட்டாயமாகக் கொஞ்சம் சிப் வைக்க வேண்டும். இவை ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட். இது வெறும் சம்பிரதாயம் இல்லை, ஆட்டமே இதன் மேல்தான் நிற்கிறது. பிளைண்ட் இல்லாவிட்டால் ஜோடி ஏஸ் வரும்வரை எல்லாரும் செலவில்லாமல் காத்திருக்கலாம். ஜோடி ஏஸ் சராசரியாக 221 கைகளுக்கு ஒரு முறைதான் வரும் (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை; கையில் வரும் சீட்டுகளையும் கை என்பார்கள்). சண்டைக்கு ஒரு காரணம் வேண்டும் என்பதற்காகவே பாட்டில் முதலிலேயே கொஞ்சம் போட்டு வைக்கிறார்கள்.

## கால் செய்பவர் கொடுக்கும் விலை

பாட்டில் 1,000 இருக்கிறது. எதிராளி 500 கட்டுகிறார். இப்போது நடுவில் 1,500. நீங்கள் 500 போட்டால் மொத்தம் 2,000 ஆகும். அந்த 2,000-இல் உங்கள் 500 நான்கில் ஒரு பங்கு. ஆகவே நான்கு முறையில் ஒரு முறை ஜெயித்தாலே உங்களுக்கு நட்டமில்லை. சரிபார்த்துக்கொள்ளலாம்: மூன்று முறை 500 வீதம் 1,500 போகிறது, ஒரு முறை 1,500 வருகிறது.

இதுதான் பாட் ஆட்ஸ். கால் செய்ய வேண்டிய தொகையை, கால் செய்த பிறகு பாட்டில் இருக்கப்போகும் மொத்தத் தொகையால் வகுத்தால் தேவையான வெற்றி வாய்ப்பு கிடைக்கும். பாட் 1,000 என்றால்:

1. 250 கட்டினால் தேவை 16.7 சதவீதம்.
2. 500 கட்டினால் 25 சதவீதம்.
3. 1,000 கட்டினால் 33.3 சதவீதம்.
4. 2,000 கட்டினால் 40 சதவீதம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பந்தயம் எவ்வளவு பெரிதானாலும் தேவை 50 சதவீதத்தைத் தொடுவதே இல்லை. பாட்டைப் போல 10 மடங்கு கட்டினாலும் 47.6 சதவீதம்தான். பாட்டில் ஏற்கெனவே கிடக்கும் சிப்கள் அந்த அளவுக்கு உங்கள் பக்கம் தள்ளுபடி தருகின்றன. "பாதிக்கு மேல் ஜெயிப்பேன் என்று தோன்றினால்தான் உள்ளே வருவேன்" என்று ஆடுபவர், லாபம் தரக்கூடிய பல கைகளை வீணாகத் தூக்கிப் போடுகிறார்.

## ஒரு கையை நெருங்கிப் பார்ப்போம்

உங்களிடம் ஸ்பேட் ஏஸும் ஸ்பேட் 10-உம் இருக்கின்றன. மேசையில் ஸ்பேட் ராஜா, ஸ்பேட் 6, ஆட்டின் 3, டைமன் 8. இன்னும் ரிவர் ஒன்றுதான் பாக்கி. ஐந்து ஸ்பேட் சேர்ந்தால் ஃப்ளஷ். அது வந்தால் வெற்றி, வராவிட்டால் தோல்வி என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்த்தவை 6 சீட்டுகள், பார்க்காதவை 46. அவற்றில் 9 ஸ்பேட். வாய்ப்பு 9/46, அதாவது 19.6 சதவீதம்.

பாட்டில் 900. எதிராளி 300 கட்டுகிறார். விலை 300/1,500, அதாவது 20 சதவீதம். ஏறக்குறைய சரிக்குச் சரி. கால் செய்தாலும் தவறில்லை, விட்டாலும் தவறில்லை. அவரே 600 கட்டினால் விலை 600/2,100, 28.6 சதவீதம். 19.6 சதவீதச் சரக்குக்கு இது அதிக விலை. உங்கள் சீட்டு மாறவில்லை, மேசைச் சீட்டும் மாறவில்லை. பந்தயத்துக்கும் பாட்டுக்கும் உள்ள விகிதம் மட்டும் மாறியது, முடிவும் மாறிவிட்டது.

ஆனால் கணக்கு அங்கேயே முடிந்துவிடுவதில்லை. ஃப்ளஷ் வந்துவிட்டால் ரிவரில் எதிராளியிடமிருந்து இன்னும் கொஞ்சம் வாங்கலாமே? எவ்வளவு வாங்கினால் 600 கால் செய்தது நியாயமாகும்? 37 சீட்டுகளில் தோற்கிறீர்கள், 9 சீட்டுகளில் ஜெயிக்கிறீர்கள். 600-ஐ 37-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் சுமார் 2,467. பாட்டிலிருந்து உங்களுக்கு வரக்கூடியது 1,500. மீதி 967-ஐ ரிவரில் சராசரியாக வாங்க வேண்டும். எதிராளியிடம் 400 சிப்தான் மிச்சம் என்றால் இது நடக்காத காரியம். 5,000 இருந்தாலும், மேசையில் மூன்று ஸ்பேட் கிடப்பதைப் பார்த்துவிட்டு அவர் கொடுப்பாரா என்பதை யோசிக்க வேண்டும். "வந்தால் நிறைய கிடைக்கும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக்கொண்டு கால் செய்வதற்கும், 967 என்ற எண்ணை மனதில் வைத்து எதிராளியின் சிப் அடுக்கைப் பார்ப்பதற்கும் நிறைய தூரம்.

இங்கே பலர் சறுக்கும் இன்னொரு இடமும் உண்டு. உதவும் சீட்டுகளின் எண்ணிக்கையை ஒரு சீட்டு பாக்கியிருந்தால் 2-ஆலும், இரண்டு பாக்கியிருந்தால் 4-ஆலும் பெருக்கினால் வாய்ப்பு தோராயமாகக் கிடைக்கும் என்பது பரவலான குறுக்குவழி. 9 சீட்டுகளுக்கு ஃப்ளாப்பில் 36; உண்மையான எண் 35 சதவீதம். குறுக்குவழியில் பிழையில்லை. ஆனால் அந்த 35 சதவீதம் டர்ன், ரிவர் இரண்டையும் பார்த்தால்தான். ஃப்ளாப்பில் ஒரு பந்தயத்துக்கு விலை கொடுத்தால் டர்ன் ஒன்றைத்தான் வாங்குகிறீர்கள்; டர்னில் அவர் மறுபடி கட்டுவார். எல்லாச் சிப்பும் ஃப்ளாப்பிலேயே உள்ளே போய்விட்டால், அதாவது ஆல்-இன் ஆனால்தான், 4-ஆல் பெருக்கும் கணக்கு முழுதாகச் செல்லும்.

## கட்டுபவரின் பக்கம்

இப்போது எதிர்ப்பக்கம் போய் உட்காருவோம். கையில் ஒன்றுமில்லை, பொய்யாக மிரட்டுகிறீர்கள், அதாவது ப்ளஃப். அது எத்தனை முறை பலித்தால் போதும்? பந்தயத்தை, பாட்டும் பந்தயமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். பாட் 1,000-க்கு 500 கட்டினால் மூன்றில் ஒரு முறை எதிராளி ஓடினால், அதாவது ஃபோல்ட் செய்தால் போதும். 1,000 கட்டினால் பாதி முறை. 2,000 கட்டினால் மூன்றில் இரண்டு முறை.

பெரிதாகக் கட்டினால் எதிராளி அதிகம் பயப்படுவார் என்பது உண்மைதான். ஆனால் அவர் அதிகம் பயப்பட வேண்டிய கட்டாயமும் சேர்ந்தே வருகிறது. இதனால்தான் பெரிய பந்தயம் ப்ளஃபுக்கு எப்போதும் நல்லது என்று சொல்ல முடியாது.

ஒருவர் மட்டும் எதிரில் இருக்கும்போதுதான் இந்தக் கணக்கு இவ்வளவு நேராக இருக்கும். மூன்று பேர் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் 60 சதவீதம் ஓடுவார்கள் என்று வையுங்கள். மூவரும் ஒன்றாக ஓடும் வாய்ப்பு 21.6 சதவீதம்தான். பாதிப் பாட் ப்ளஃபுக்கு 33.3 தேவை. தனி ஆளிடம் நன்றாகப் பலிக்கும் அதே பந்தயம் கூட்டத்தில் நட்டத்தில் முடிகிறது.

இனி இரு பக்கத்தையும் சேர்த்துப் பார்ப்போம். ரிவரில் பாட் அளவுக்கு நீங்கள் கட்டினால் எதிராளிக்குத் தேவை 33.3 சதவீதம். நீங்கள் அப்படிக் கட்டும் கைகளில் மூன்றில் ஒன்று ப்ளஃபாக இருந்தால், அவர் கால் செய்தாலும் விட்டாலும் ஒன்றே. உங்களைச் சுரண்ட வழியில்லை. பாதிப் பாட் கட்டும்போது நான்கில் ஒன்று. இரு மடங்கு கட்டும்போது ஐந்தில் இரண்டு. பந்தயம் பெரிதாக ஆக, அதற்குள் பொய்க்கு இடமும் கூடுகிறது. ஏனென்றால் எதிராளி கொடுக்கும் விலை ஏறுகிறது, அவர் அடிக்கடி பின்வாங்க வேண்டியிருக்கிறது.

இந்த யோசனை புதிதல்ல. கணித மேதை ஜான் வான் நாய்மன், ஆஸ்கர் மார்கென்ஸ்டெர்னோடு சேர்ந்து 1944-இல் வெளியிட்ட விளையாட்டுக் கோட்பாட்டு நூலில் போக்கரின் எளிய மாதிரி ஒன்றை ஆராய்ந்திருக்கிறார். அதில் வந்த விடை: மிக வலுவான கைகளையும் மிக மோசமான கைகளையும் வைத்துப் பெரிதாகக் கட்டு, நடுத்தரக் கைகளோடு செக் செய். பெரிய பந்தயம் கட்டுபவர் ஒன்று மலையளவு வைத்திருப்பார், அல்லது ஒன்றுமே வைத்திருக்க மாட்டார் என்று இன்றும் மேசைகளில் சொல்லப்படுவதற்கு அடி அங்கே இருக்கிறது. சுமாரான ஜோடியை வைத்துக்கொண்டு பெரிதாகக் கட்டினால், உங்களைவிட மோசமான கைகள் எல்லாம் ஓடிவிடும். உங்களைவிட நல்ல கைகள் மட்டும் நின்று வாங்கிக்கொண்டு போகும்.

2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் நடந்த ஒரு போட்டி இதை நிபுணர்களுக்கே புதிதாகக் காட்டியது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தூமாஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்ற நிரல், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 20 நாட்களில் 1,20,000 கைகள் ஆடி ஜெயித்தது. பாட்டைப் போலப் பல மடங்கு பந்தயங்களை அது தயங்காமல் கட்டியது. மனிதர்கள் வழக்கமாகப் பாதிப் பாட்டுக்கும் முழுப் பாட்டுக்கும் இடையிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். கணக்கு அந்த எல்லையில் நிற்கச் சொல்லவில்லை.

## 2003, லாஸ் வேகஸ்

உலக போக்கர் தொடரின் 2003 முதன்மைப் போட்டி, பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதி. 839 பேர் ஆளுக்கு 10,000 டாலர் கட்டி இறங்கினார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் இருவர்: ஆன்லைன் தகுதிச் சுற்று வழியாக வந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், தொழில்முறை ஆட்டக்காரர் சாமி ஃபர்ஹா. முதல் பரிசு 25 லட்சம் டாலர்.

அந்த இறுதிச் சண்டையில் ஒரு கை. மணிமேக்கரிடம் ஸ்பேட் ராஜா, ஆட்டின் 7. ஃபர்ஹாவிடம் ஸ்பேட் ராணி, ஆட்டின் 9. மேசையில் டர்ன் வரை ஸ்பேட் 9, டைமன் 2, ஸ்பேட் 6, ஸ்பேட் 8. மணிமேக்கருக்கு இன்னொரு ஸ்பேட் வந்தால் ஃப்ளஷ். 10 அல்லது 5 வந்தால் வரிசையாக ஐந்து சேர்ந்து ஸ்ட்ரெயிட். ஃபர்ஹாவிடம் மேசையின் மிகப் பெரிய ஜோடி ஏற்கெனவே இருந்தது. டர்னில் ஃபர்ஹா கட்ட, மணிமேக்கர் 8 லட்சத்துக்கு ஏற்ற, ஃபர்ஹா கால் செய்தார். பாட் சுமார் 18 லட்சம் சிப். ரிவரில் ஆட்டின் 3. மணிமேக்கருக்கு எதுவும் கூடவில்லை. ஃபர்ஹா செக். மணிமேக்கர் ஆல்-இன்.

அந்தத் தொகை பாட்டைவிடப் பெரியது. இதை இரு பக்கமும் நின்று பார்க்கலாம்.

1. மணிமேக்கர் பாதிப் பாட், அதாவது 9 லட்சம் மட்டும் கட்டியிருந்தால் ஃபர்ஹாவுக்கு விலை 25 சதவீதம். நான்கில் ஒரு முறை ப்ளஃப் என்று நினைத்தாலே கால் செய்யலாம். பாட்டைவிடப் பெரிதாகக் கட்டியதால் விலை 33.3 சதவீதத்தைத் தாண்டியது. ஒன்றரை மடங்கு என்றால் அது 37.5.

2. ஃபர்ஹாவின் ஜோடி அந்த இடத்தில் ப்ளஃபை மட்டுமே வெல்லும். பாட்டைவிடப் பெரிதாகக் கட்டுபவர் நிஜமாகவே வைத்திருந்தால் அது ஃப்ளஷாகவோ ஸ்ட்ரெயிட்டாகவோதான் இருக்கும்.

3. தப்பாகக் கால் செய்தால் ஃபர்ஹாவின் போட்டியே அந்தக் கையோடு முடிந்துவிடும்.

4. மணிமேக்கரின் பக்கம், ப்ளஃப் பாதி முறைக்கு மேல் பலிக்க வேண்டும். அவர் கையிலேயே ஸ்பேட் ராஜா இருந்ததால், எதிராளியிடம் பெரிய ஃப்ளஷ் இருக்கும் வாய்ப்பு குறைந்தது.

ஃபர்ஹா நெடுநேரம் யோசித்துவிட்டுச் சீட்டைப் போட்டார். பிறகு மணிமேக்கர் பட்டத்தையும் வென்றார். ஒரு கையின் முடிவை வைத்து அந்த ஆட்டம் சரி, தவறு என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் பொய்யைச் சொல்ல அவர் தேர்ந்தெடுத்த அளவு, அந்தப் பாட்டுக்கும் அந்த மேசைச் சீட்டுக்கும் பொருந்திய அளவு.

## மேசைச் சீட்டைப் பார்த்து விகிதம்

ராஜா, 7, 2 என்று மூன்றும் வேறு வேறு ஜாதியாக ஃப்ளாப் வந்தால், எதிராளிக்குப் பெரும்பாலும் ஒன்றும் பிடித்திருக்காது. அடுத்த சீட்டும் பெரிதாக எதையும் புரட்டிப் போடாது. அங்கே 1,000 பாட்டுக்கு 330 கட்டினாலே போதும். நான்கில் ஒரு முறை அவர் ஓடினால் செலவு திரும்பிவிடும்.

9, 8, 6 வந்து அதில் இரண்டு ஸ்பேட் என்றால் கதை வேறு. ஃப்ளஷுக்கும் ஸ்ட்ரெயிட்டுக்கும் காத்திருக்கும் கைகள் நிறைய. அங்கே 250 கட்டினால் எதிராளிக்கு விலை 16.7 சதவீதம். ஃப்ளஷுக்குக் காத்திருப்பவரின் வாய்ப்பு ஒரு சீட்டுக்கே 19.1 சதவீதம். நீங்களே அவருக்கு லாபமான விலையைக் கொடுக்கிறீர்கள். 750 கட்டினால் விலை 30 சதவீதம்; இப்போது அவர் நின்றால் அவர் செலவில் நிற்கிறார்.

## இன்றைய பந்தயம், நாளைய பாட்

இதுவரை பார்த்தது அந்தந்த நேரத்து விலை. ஆனால் இப்போது கட்டும் ஒவ்வொரு பந்தயமும் அடுத்த சுற்றின் பாட்டைத் தீர்மானிக்கிறது. அது வட்டிக்கு வட்டி போல ஏறும்.

ஃப்ளாப் வரும்போது பாட் 650 என்று வைப்போம். மூன்று சுற்றிலும் பாதிப் பாட் கட்டி, எதிராளி ஒவ்வொரு முறையும் கால் செய்தால் பந்தயங்கள் 325, 650, 1,300. நீங்கள் போட்டது மொத்தம் 2,275. மூன்று சுற்றிலும் முழுப் பாட் கட்டினால் 650, 1,950, 5,850. மொத்தம் 8,450. பந்தய விகிதம் இரு மடங்குதான் ஆனது. உள்ளே போன சிப் ஏறக்குறைய நான்கு மடங்கு. நல்ல கை கிடைத்தவர் ஃப்ளாப்பில் தயங்கிச் சின்னதாகக் கட்டிவிட்டு, ரிவரில் "இன்னும் இவ்வளவு சிப் வெளியே நிற்கிறதே" என்று தவிப்பது இதனால்தான். தவறு ரிவரில் நடக்கவில்லை, இரண்டு சுற்று முன்பே நடந்துவிட்டது.

இதை முன்கூட்டியே பார்க்க ஓர் எளிய அளவுகோல் உண்டு. ஃப்ளாப் வந்ததும், கையில் மிச்சமுள்ள சிப்பைப் பாட்டால் வகுக்க வேண்டும். இருவரில் யாரிடம் குறைவோ அவரது அடுக்கை எடுக்க வேண்டும். ஆங்கிலச் சுருக்கத்தில் இதை எஸ்பிஆர் என்பார்கள்.

பிளைண்ட் 50, 100. எல்லாரிடமும் 10,000. ஒருவர் 300-க்கு ஏற்ற, பிக் பிளைண்ட் மட்டும் கால் செய்கிறார். பாட் 650, மிச்சம் 9,700, எஸ்பிஆர் சுமார் 15. இன்னொரு கையில் ஒருவர் 300-க்கு ஏற்ற, அடுத்தவர் 1,000-க்கு மறுபடி ஏற்ற, முதலாமவர் கால் செய்கிறார்; பிளைண்ட் இருவரும் விலகிவிட்டார்கள். பாட் 2,150, மிச்சம் 9,000, எஸ்பிஆர் 4-க்குச் சற்று மேல்.

இரண்டு கையிலும் உங்களிடம் ஜோடி ஏஸ் என்று வையுங்கள். இரண்டாவது கையில் முழுப் பாட் பந்தயம் இரண்டே போதும், ஏறக்குறைய எல்லாச் சிப்பும் உள்ளே போய்விடும். பாட் பெரிது, மிச்சம் சிறிது. ஒரு ஜோடியோடு முழுதாக இறங்குவது பெரும்பாலும் சரி. முதல் கையில் பெரும்பாலான சிப் உள்ளே போகவே மூன்று முழுப் பாட் பந்தயங்கள் வேண்டும். 650-க்கான சண்டையில் 9,700-ஐ இறக்க எதிராளியும் தயாராக இருக்கிறார் என்றால், அவர் கையில் ஒரு ஜோடியைவிடப் பெரிதாக ஏதோ இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சின்ன ஜோடிகளுக்கு இது தலைகீழ். கையில் இரண்டு 4 இருந்தால் ஃப்ளாப்பில் மூன்றாவது 4 வர வாய்ப்பு 11.8 சதவீதம், அதாவது எட்டரை முறைக்கு ஒன்று. 300 கொடுத்து, பின்னால் 9,700 இருக்கும் மேசையில் காத்திருப்பதற்கு அர்த்தம் உண்டு. 1,000 கொடுத்து, பின்னால் 9,000 இருக்கும்போது காத்திருந்தால், வரும்போதெல்லாம் எதிராளியின் அடுக்கில் பெரும்பகுதி கிடைத்தால்தான் கட்டுபடியாகும். அப்படி எப்போதும் கிடைக்காது.

## விதி மாறினால் விகிதமும் மாறும்

மேலே சொன்னதெல்லாம் எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம் என்ற நோ-லிமிட் வகைக்கு. பாட்-லிமிட்டில் பாட்டுக்கு மேல் கட்ட முடியாது. நான்கு சீட்டு ஒமஹா பெரும்பாலும் இப்படித்தான் ஆடப்படுகிறது. பாட் 100, எதிராளி 50 கட்டினார் என்றால், முதலில் நீங்கள் 50 கால் செய்ததாகக் கணக்கிட்டுப் பாட்டை 200 என்று எடுத்து, அதற்கு மேல் 200 ஏற்றலாம், மொத்தம் 250.

லிமிட் வகையில் பந்தயத் தொகையே நிலையானது. ரிவரில் பாட் 1,400, பந்தயம் 200 என்றால் விலை 200/1,800, வெறும் 11.1 சதவீதம். தப்பாகக் கால் செய்தால் 200 போகும். தப்பாக விட்டுவிட்டால் 1,600 போகும். அதனால் லிமிட்டில் பெரிய பாட்டைச் சுலபமாக விட்டுக்கொடுப்பது மிகப் பெரிய தவறு. பந்தயம் நிலையாக இருப்பதால் கணினிக்கும் இந்த வகை முதலில் வசப்பட்டது: 2015-இல் கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகக் குழு, இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெமுக்கு நடைமுறையில் தீர்வு கண்டுவிட்டதாக அறிவித்தது.

போட்டிகளில் ஆன்ட்டி என்று கூடுதல் கட்டாயச் சிப் சேரும். பிளைண்ட் 500, 1,000 என்றால் தொடக்கப் பாட் 1,500. 1,000 ஆன்ட்டி சேர்ந்தால் 2,500. நீங்கள் 2,200-க்கு ஏற்றி எல்லாரையும் விரட்டப் பார்க்கிறீர்கள். முதலாவதில் 59.5 சதவீதம் பலிக்க வேண்டும், இரண்டாவதில் 46.8 போதும். ஆன்ட்டி வந்ததும் அனுபவசாலிகள் துணிந்து ஏற்றத் தொடங்குவது இதனால்தான். ஆனால் போட்டிகளில் பரிசு படிப்படியாக இருப்பதால் இழக்கும் சிப்பின் மதிப்பு, ஜெயிக்கும் சிப்பின் மதிப்பைவிட அதிகம். பரிசு வரிசை நெருங்கும் நேரத்தில் பாட் ஆட்ஸ் கேட்பதைவிடக் கூடுதல் வெற்றி வாய்ப்பு இருந்தால்தான் கால் செய்ய வேண்டும்.

## "இவ்வளவு போட்டாச்சே"

கடைசியாக, நல்ல ஆட்டக்காரர்களையும் குழப்பும் ஒரு விஷயம். பாட்டில் போன சிப் போனதுதான், அதை நினைத்துக் கால் செய்யாதே என்பார்கள். அதே வாயால் பாட் பெரிதாக இருந்தால் கால் செய் என்றும் சொல்வார்கள். இரண்டும் முரண்போலத் தெரியும். முரண் இல்லை.

பாட்டில் 4,000. அதில் 2,000 உங்களுடையது. ரிவரில் எதிராளி 2,000 கட்டுகிறார். உங்கள் கை ப்ளஃபை மட்டும் வெல்லும். விலை 2,000/8,000, 25 சதவீதம். அவர் ப்ளஃப் செய்ய 30 சதவீத வாய்ப்பு என்று மதிப்பிட்டால், கால் செய்வதில் சராசரியாக 400 லாபம். 10 சதவீதம்தான் என்றால் 1,200 நட்டம். அந்த 4,000-இல் உங்கள் பங்கு 2,000-ஆக இல்லாமல் 100-ஆக இருந்திருந்தாலும் இந்த எண்களில் ஒன்றுகூட மாறாது. பாட்டின் அளவு விலையை மாற்றும். அதை யார் போட்டார் என்பது மாற்றாது.

அதே 4,000 பாட்டில் உங்களிடம் 500 மட்டும் மிச்சமிருந்து, எதிராளி அந்த 500-க்குக் கட்டினால் விலை 500/5,000, 10 சதவீதம். இங்கே பெரும்பாலான கைகளோடு கால் செய்வதுதான் சரி. அதனால் கவனம் தேவைப்படுவது ஒரு சுற்று முன்னால். டர்னில் அடுக்கின் பெரும்பகுதியை நடுவில் தள்ளும் முன், மிச்சம் நிற்கப்போகும் சிப்பையும் அப்போது இருக்கப்போகும் பாட்டையும் வைத்து ரிவரின் விலையைப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த விலையில் கடைசிவரை நிற்க மனமில்லையென்றால், டர்னில் செக் செய்வதோ ஃபோல்ட் செய்வதோ மலிவு.